வளரும் பிள்ளையின் மாலைப் பசி
பள்ளி விட்டு வந்ததும் என்ன கொடுப்பது? யார் கொடுப்பது?

பள்ளிக்கூட மணி அடித்து அரை மணி நேரம் ஆகிறது. புத்தகப் பை ஒரு மூலையில் விழுகிறது. செருப்பு ஒரு மூலையில் விழுகிறது. பிள்ளை நேராக அடுப்பங்கரைக்குப் போகிறான்.

"அம்மா, பசிக்குது! தின்ன என்ன இருக்கு?"

மாலை நேரத்தில் இந்தக் குரல் கேட்காத வீடு உண்டா? பதின்மூன்று வயதுக்கு மேல் பிள்ளை இருக்கும் வீடு என்றால் நிச்சயம் கேட்கும்.

பிஸ்கட் பொட்டலம் பிரிகிறது. ஐந்து நிமிடத்தில் காலி. ஆறு மணிக்கு மறுபடியும் அதே குரல்! "பசிக்குது!"

"இவன் வயித்துல என்ன ஓட்டையா இருக்கு?" என்று தாய் சலித்துக் கொள்கிறாள். "சாப்பாட்டு ராமன்!" என்று பாட்டி கேலி செய்கிறாள்.

வயிற்றில் ஓட்டை இல்லை. அவன் சாப்பாட்டு ராமனும் இல்லை. அந்தப் பசி நியாயமான பசி. வளரும் உடம்பு கேட்கும் கூலி அது.

அந்தக் கூலியை நாம் சரியாகக் கொடுக்கிறோமா? வீடு கொடுக்கிறதா? அரசாங்கம் கொடுக்கிறதா? இதுதான் இன்றைய கேள்வி.

அப்பாவை விட மகனுக்கு அதிகம்!

எந்த வயதில் எவ்வளவு உணவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சேர்ந்து 2020-ம் ஆண்டில் அதை வெளியிட்டன.

உணவு தரும் சக்தியைக் 'கலோரி' என்ற அளவால் அளக்கிறார்கள். உட்கார்ந்து வேலை பார்க்கும் ஓர் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 2,110 கலோரி போதும். ஆனால் 16 முதல் 18 வயது வரை உள்ள பையனுக்கு வேண்டியது 3,320 கலோரி!

அதாவது, ஆபீசில் நாற்காலியில் உட்காரும் அப்பாவைப் போல ஒன்றரை மடங்கு உணவு மகனுக்குத் தேவை. அப்பா இரண்டு தோசையோடு எழுந்துவிடுகிறார். மகன் ஐந்தாவது தோசைக்குக் கை நீட்டுகிறான். இதில் ஆச்சரியம் என்ன?

சக்தி மட்டும் போதாது. உடம்பைக் கட்டும் சத்து ஒன்று வேண்டும். அதன் பெயர் புரதம். வீடு கட்டச் செங்கல் எப்படியோ, உடம்புக்குப் புரதம் அப்படி. தசை, தோல், இரத்தம் எல்லாவற்றுக்கும் புரதம் வேண்டும்.

13 முதல் 15 வயதுப் பையனுக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 45 கிராம் புரதம் தேவை. பெண் பிள்ளைக்கு 43 கிராம். 16 முதல் 18 வயதில் பையனுக்கு 55 கிராம். பெண்ணுக்கு 46 கிராம்.

வளர்ச்சி வேகமாக இருக்கும் காலத்தில் ஒரு பையன் ஒரே வருடத்தில் 9 சென்டிமீட்டர் கூட உயருவான். தீபாவளிக்குத் தைத்த கால்சட்டை சித்திரைக்குக் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். அந்த உயரம் எங்கிருந்து வருகிறது? தட்டிலிருந்துதான் வருகிறது.

வயிறு நிரம்பினால் போதுமா?

பிஸ்கட் தின்ற பிள்ளைக்கு ஒரு மணி நேரத்தில் ஏன் மறுபடியும் பசிக்கிறது?

பிஸ்கட் என்பது பெரும்பாலும் மைதா, சர்க்கரை, எண்ணெய். மைதாவும் சர்க்கரையும் வயிற்றில் நெடுநேரம் தங்குவதில்லை. சீக்கிரம் செரித்து இரத்தத்தில் சர்க்கரையாகக் கலந்துவிடும். விறகு போடாமல் காகிதத்தைக் கொளுத்திய அடுப்பு மாதிரி! குபீர் என்று எரியும். உடனே அணைந்துவிடும்.

புரதமும் நார்ச்சத்தும் உள்ள பண்டம் அப்படி அல்ல. அது மெல்லச் செரிக்கும். பசியை நெடுநேரம் தாங்கும். ஒரு கிண்ணம் சுண்டல் தின்றவன் இரவுச் சாப்பாடு வரை சும்மா இருப்பான். அவனைப் பார்த்தாலே தெரியும்.

மாலையில் கொடுக்கும் பண்டம் வெறும் வாய்க்கு மட்டும் அல்ல. ஒரு நாளைக்கு வேண்டிய புரதத்தில் ஐந்தில் ஒரு பங்கை அந்த ஒரு வேளையிலேயே கொடுத்துவிடலாம். அதாவது 9 அல்லது 10 கிராம். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்!

கடையில் வாங்கும் பொட்டலத்தின் முன்பக்கத்தில் பளபளக்கும் படம் இருக்கும். அதை விடுங்கள். திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். 100 கிராம் பண்டத்தில் புரதம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். உங்கள் பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள். கணக்குப் பாடமும் ஆகும்!

ஓர் உதாரணம் பார்ப்போம். பொட்டலத்தின் விலை 10 ரூபாய். எடை 50 கிராம். 100 கிராமுக்கு 7 கிராம் புரதம் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் உங்கள் 10 ரூபாய்க்குக் கிடைத்தது மூன்றரை கிராம் புரதம்.

இப்போது மளிகைக் கடைக்கு வாருங்கள். கொண்டைக்கடலை கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 கிராம் கடலைக்கு 5 ரூபாய். அதில் இருக்கும் புரதம் 9 கிராம்!

பாதி விலை. இரண்டரை மடங்கு புரதம். ஊருக்கு ஊர் விலை மாறலாம். உங்கள் ஊர் விலையைப் போட்டுக் கணக்குப் பாருங்கள். பெரும்பாலும் கடலைதான் ஜெயிக்கும்.

"சுண்டலுக்கு எண்ணெய், அடுப்புச் செலவு இல்லையா?" என்று கேட்கலாம். உண்டு. அதைச் சேர்த்தாலும் பொட்டலத்தை மிஞ்சாது.

நம் வீட்டுச் சரக்கு

100 கிராமில் எவ்வளவு புரதம் இருக்கிறது? இதோ ஏறக்குறைய ஒரு பட்டியல்:

வேர்க்கடலை: 25 கிராம்.
பாசிப்பயறு, உளுந்து: 23 கிராம்.
பொட்டுக்கடலை, காராமணி, துவரம் பருப்பு: 22 கிராம்.
கொண்டைக்கடலை, எள்: 18 கிராம்.
அரிசி: 7 கிராம். கேழ்வரகு: 7 கிராம்.

ஒரு கோழி முட்டையில் 6 கிராம் புரதம். ஒரு டம்ளர் பாலிலும், அதாவது 200 மில்லியில், 6 கிராம்.

இந்தப் பட்டியலில் ஏதாவது புதிய பண்டம் இருக்கிறதா? எல்லாம் நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பவைதான்.

அரிசியும் பருப்பும் ஜோடி

அரிசியில் இருக்கும் புரதத்தில் ஒரு குறை உண்டு. பருப்பில் இருக்கும் புரதத்தில் வேறொரு குறை உண்டு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்துவிடும். முடவனும் குருடனும் கூட்டுச் சேர்ந்து வழி நடந்த கதைதான்!

நம் பாட்டிமார் இந்த ரசாயனத்தைப் படித்தவர்கள் அல்ல. ஆனால் இட்லிக்கு அரிசியோடு உளுந்தைச் சேர்த்தார்கள். பொங்கலுக்குப் பாசிப்பருப்பைச் சேர்த்தார்கள். அடைக்கு எல்லாப் பருப்பையும் சேர்த்தார்கள். சோளத்துக்கும் கம்புக்கும் கூடத் தட்டைப்பயறும் மொச்சையும் துணையாக வந்தன.

இன்று என்ன ஆயிற்று? சோறு நிறைய இருக்கிறது. பருப்பு குறைந்துவிட்டது. குழம்பில் பருப்பு முங்கிக் குளிக்கிறது; கரண்டிக்கு அகப்படுவதில்லை. அந்தக் குறையைத்தான் மாலைப் பண்டத்தில் ஈடு செய்ய வேண்டும்.

என்ன கொடுக்கலாம்?

சுண்டல்: கொண்டைக்கடலை, காராமணி, பாசிப்பயறு, மொச்சை எதுவானாலும் சரி. ஒருவருக்கு 50 கிராம் பயறு. காலை எட்டு மணிக்கு ஊறப் போட்டால் மாலை நாலு மணிக்கு ஊறிவிடும். அவித்து, கடுகு தாளித்து, இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். எலுமிச்சை ருசிக்கு மட்டும் அல்ல. பயறில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர அது உதவும்.

காலையில் அவித்ததை வெயில் காலத்தில் மாலை வரை வெளியே வைக்காதீர்கள். கெட்டுவிடும். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் சரி. இல்லாவிட்டால் மாலையில்தான் அவிக்க வேண்டும்.

முளைப்பயறு: இரவில் பாசிப்பயறை ஊறப் போடுங்கள். காலையில் ஈரத்துணியில் கட்டித் தொங்க விடுங்கள். மறுநாள் முளை விட்டிருக்கும். ஆவியில் லேசாக வேகவைத்து, தேங்காய், வெங்காயம், மாங்காய்த் துண்டு சேர்த்துக் கொடுங்கள்.

வேர்க்கடலை: பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு இதுதான் தோழன். வறுத்து டப்பாவில் போட்டு வைத்தால் பிள்ளை தானே எடுத்துக்கொள்வான். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், 7 கிராம் புரதம் தரும். இரண்டு வாழைப்பழமும் சேர்ந்தால் வயிறு நிறையும். பூசணம் பிடித்த கடலை, கறுத்த கடலை, கசக்கும் கடலை இவற்றை எறிந்துவிடுங்கள். அந்தப் பூசணத்தில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு. சில பிள்ளைகளுக்கு வேர்க்கடலையே ஒவ்வாது. தின்றதும் தடிப்பு, மூச்சுத் திணறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பிறகு அதைத் தொடவே கூடாது.

கடலை மிட்டாய்: வேர்க்கடலையும் வெல்லமும் சேர்ந்தது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெல்லமும் சர்க்கரை வகைதான். ஆகவே ஒன்றிரண்டோடு நிறுத்துவது நல்லது.

பொட்டுக்கடலை உருண்டை: பொட்டுக்கடலையைப் பொடித்து, வெல்லப் பொடியும் கொஞ்சம் நெய்யும் சேர்த்து உருட்ட வேண்டியதுதான். அடுப்பே வேண்டாம்! 40 கிராம் பொட்டுக்கடலையில் 9 கிராம் புரதம் இருக்கிறது.

அடை: பசி பெரிதாக இருக்கும் பையனுக்கு அடைதான் மருந்து. ஒரு பங்கு அரிசி, ஒரு பங்கு பருப்பு. அரிசி 50 கிராம், பருப்பு 50 கிராம் போட்டால் இரண்டு கனமான அடை வரும். 14 கிராம் புரதம்! முருங்கைக் கீரை சேர்த்தால் இன்னும் விசேஷம்.

முட்டை: அவித்த முட்டை இரண்டு கொடுத்தால் 12 கிராம். காலையில் மிஞ்சிய தோசை மாவு இருந்தால் முட்டை தோசை. முட்டையைப் பச்சையாகக் குடிக்கச் சொல்வது பழைய வழக்கம். அது வேண்டாம். வேகவைத்த முட்டைதான் நன்றாகச் செரிக்கும். நோய்க் கிருமி பயமும் இல்லை.

கேழ்வரகு அடை, மோர்: கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம். 100 கிராமில் 340 மில்லி கிராமுக்கு மேல் இருக்கிறது. எலும்பு நீளும் வயதுக்கு ஏற்ற பண்டம். கூட ஒரு டம்ளர் மோர் கொடுங்கள்.

ஒன்று கவனியுங்கள். பண்டத்தோடு டீயும் காப்பியும் கொடுக்காதீர்கள். அவை இரும்புச் சத்து உடம்பில் சேருவதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும்.

"எனக்குப் பசிக்கலே"

இதுவரை பையனைப் பற்றியே பேசினோம். அதே வீட்டில் ஒரு பெண் பிள்ளையும் இருக்கிறாள். அவள் பள்ளி விட்டு வந்ததும் தம்பிக்குத் தட்டு வைக்கிறாள்.

"நீ சாப்பிடலையாம்மா?"

"எனக்குப் பசிக்கலே."

சில வீடுகளில் பண்டம் குறைவாக இருப்பதால் அவள் அப்படிச் சொல்கிறாள். சில வீடுகளில் உடம்பு பருத்துவிடும் என்று பயந்து சொல்கிறாள். "பெண் பிள்ளை இவ்வளவு தின்னலாமா?" என்று யாரோ ஒரு நாள் சொன்ன சொல்லும் காதில் ஒலித்துக் கொண்டிருக்கும்.

கணக்கைப் பாருங்கள். 16 முதல் 18 வயதில் பையனுக்கு நாள் ஒன்றுக்கு 26 மில்லி கிராம் இரும்புச் சத்து வேண்டும். பெண்ணுக்கு 32 மில்லி கிராம் வேண்டும்! மாதந்தோறும் இரத்தம் போவதால் அவளுக்குத்தான் அதிகம் தேவை.

2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வு என்ன சொல்கிறது? இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு இரத்த சோகை. அதே வயது ஆண்களில் 100-க்கு 31 பேருக்கு.

படிக்க உட்கார்ந்தால் தூக்கம். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. "சோம்பேறி" என்று திட்டுகிறோம். சோம்பல் அல்ல; சோகை.

திருநெல்வேலிப் பக்கத்தில் பெரிய மனுஷியான பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பார்கள். உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய் சேர்ந்த பண்டம். அந்தச் சில நாளோடு நிறுத்திவிடுகிறோம். சடங்கு முடிந்தாலும் வளர்ச்சி முடியவில்லையே! தம்பிக்கு வைக்கும் கிண்ணத்தின் பக்கத்தில் அக்காவுக்கும் ஒரு கிண்ணம் வையுங்கள். அவள் கேட்க மாட்டாள். நீங்கள்தான் வைக்க வேண்டும்.

மாவு டப்பா மோகம்

பதினாறு வயதுப் பையன்களிடம் இப்போது புதிய ஆசை ஒன்று வந்திருக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அங்கிருந்து வரும்போது ஆயிரக் கணக்கில் விலையுள்ள புரத மாவு டப்பா கேட்கிறார்கள்.

ஐதராபாத் ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் இந்தியர்களுக்கான உணவு நெறிகளை வெளியிட்டது. தசை வளர்ப்பதற்காகப் புரத மாவு சாப்பிடுவதைத் தவிர்க்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறது. நல்ல உணவுகளைச் சேர்த்துச் சாப்பிட்டே வேண்டிய புரதத்தைப் பெறலாம் என்பது அதன் முடிவு.

பாலில் கலக்கும் இனிப்புப் பொடிகளின் கதையும் உண்டு. அவற்றை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணையக் கடைகளுக்கு அறிவுரை அனுப்பியது. சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை என்பதுதான் காரணம்.

தசை டப்பாவில் இல்லை. பயிற்சியிலும், சாப்பாட்டிலும், தூக்கத்திலும் இருக்கிறது.

சோறு போடும் திட்டம் எங்கே நிற்கிறது?

இனி வீட்டை விட்டு வெளியே வருவோம்.

பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போட்டதில் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டி. 1920-ல் சென்னை நகராண்மை ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகல் உணவு தொடங்கியது. 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1984-ல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கும் நீட்டினார். 1989-ல் கருணாநிதி ஆட்சியில் சத்துணவில் முட்டை வந்தது. 2010-ல் வாரம் ஐந்து முட்டை ஆயிற்று. 2022 செப்டம்பர் 15-ல் மு.க.ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1,545 பள்ளிகளில் தொடங்கிய அது, அடுத்த ஆண்டே மாநிலம் முழுவதும் பரவியது.

கட்சி வேறாக இருந்தாலும் பிள்ளையின் சோற்றில் ஒருவர் போட்ட அஸ்திவாரத்தை அடுத்தவர் இடிக்கவில்லை. மேலே மேலே கட்டினார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்!

ஆனால் வயதைக் கவனித்துப் பாருங்கள்.

காலை உணவு, 1 முதல் 5-ம் வகுப்பு வரை என்று தொடங்கப்பட்டது. மதியச் சத்துணவு 10-ம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மத்திய அரசாங்கத்தின் பங்கு 8-ம் வகுப்போடு முடிகிறது. 11, 12-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு?

ஒன்றும் இல்லை!

எந்த வயதில் பசி உச்சத்துக்குப் போகிறதோ, அந்த வயதில் திட்டம் கையை விடுகிறது. 3,320 கலோரி கேட்கும் பையனும், 32 மில்லி கிராம் இரும்புச் சத்து கேட்கும் பெண்ணும் வீட்டுச் சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் நம்பியிருக்கிறார்கள். பெட்டி கொண்டுவர முடியாத பிள்ளை என்ன செய்யும்? பொதுத் தேர்வு வகுப்பு என்றால் மாலையில் சிறப்பு வகுப்பு வேறு. மதியம் சாப்பிட்டது எத்தனை மணி வரை தாங்கும்?

பக்கத்து மாநிலங்கள் ஏதோ செய்து பார்த்திருக்கின்றன. ஆந்திரத்தில் 2020-ல் பள்ளி உணவோடு கடலை மிட்டாயைச் சேர்த்தார்கள். தெலங்கானாவில் 2025 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சிறப்பு வகுப்புக்கு இருந்த 10-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலைச் சிற்றுண்டி கொடுத்தார்கள். அவித்த பாசிப்பயறு, வேர்க்கடலையும் வெல்லமும், சிறுதானிய பிஸ்கட் என்று நாளுக்கு ஒன்று. 38 நாள் திட்டம். ஒரு பிள்ளைக்கு நாள் ஒன்றுக்கு 15 ரூபாய் ஒதுக்கினார்கள்.

சுண்டல் பிறந்த மண் நம்முடையது. நம்மால் முடியாதா?

பருப்பு ஏன் தட்டில் குறைகிறது?

"பயறு கொடு, பருப்பு கொடு என்று எழுதுவது சுலபம். விலையைப் பார்த்தீரா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி.

உலகத்தில் பருப்பு அதிகம் விளைவது இந்தியாவில். அதிகம் சாப்பிடுவதும் இந்தியர்கள். அதிகம் இறக்குமதி செய்வதும் இந்தியாதான்! 2024-25-ல் இறக்குமதி 70 லட்சம் டன்னைத் தாண்டியது. உளுந்து பர்மாவிலிருந்து வருகிறது. துவரை ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. பட்டாணி கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வருகிறது. அங்கே மழை தவறினால் இங்கே நம் அடுக்களையில் குழம்பு நீர்த்துப் போகிறது.

நெல்லுக்கும் கோதுமைக்கும் அரசாங்கக் கொள்முதல் உறுதி. பருப்புக்கு அந்த உறுதி இல்லை. பெரும்பாலும் வானம் பார்த்த நிலத்தில் விளைவது அது. ஆகவே விவசாயி தயங்குகிறார். இதை மாற்ற மத்திய அரசாங்கம் 2025 அக்டோபரில் பருப்புத் தற்சார்பு இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. ஆறு ஆண்டுத் திட்டம். செலவு 11,440 கோடி ரூபாய். 2030-31-ல் 350 லட்சம் டன் விளைவிக்க வேண்டும் என்பது இலக்கு.

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2007 முதல் சிறப்புத் திட்டம் நடக்கிறது. அதில் கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏழைக்குப் பெரிய உதவி. ஆனால் அந்த ஒரு கிலோவில் உள்ள புரதம் 220 கிராம். நாலு பேர் உள்ள வீட்டில் முப்பது நாளைக்குப் பங்கு போட்டால், ஆளுக்கு நாளைக்கு இரண்டு கிராம் கூட வராது!

அந்தக் கார்டிலேயே ஒரு கிலோ கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ சேர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

முட்டையும் விலை ஏறிவிட்டது. 2025 இறுதியில் நாமக்கல்லில் பண்ணை விலையே 6 ரூபாயைத் தாண்டியது. ஆனாலும் 6 கிராம் புரதத்துக்கு அந்த விலை அதிகம் என்று சொல்ல முடியாது.

வரி எந்தப் பக்கம்?

2025 ஜனவரியில் வெளிவந்த மத்திய அரசாங்கத்தின் பொருளாதார ஆய்வறிக்கை, ஆலையில் மிகுதியாகப் பதப்படுத்திய பண்டங்களைப் பற்றி எச்சரித்தது. பொட்டலத்தின் முன்பக்கத்திலேயே தெளிவான குறிப்பு வேண்டும் என்றது.

அதே ஆண்டு செப்டம்பர் 22-ல் சரக்கு வரி மாறியது. பிஸ்கட் வரி 100-க்கு 18-லிருந்து 5 ஆயிற்று. பொட்டல மிக்சர், உருளைக்கிழங்கு சிப்ஸ் வரி 12-லிருந்து 5 ஆயிற்று. வாயு ஏற்றிய இனிப்புப் பானத்துக்கு மட்டும் வரி 40 ஆயிற்று.

வரி குறைந்தால் மக்களுக்குச் சந்தோஷந்தான். ஆனால் பொட்டலம் மலிவாகும்போது பிள்ளையின் கை எங்கே போகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

பள்ளி வளாகத்திலும், அதிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-ல் விதி வந்தது. உங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் ஒரு தடவை நின்று பாருங்கள். அந்த 50 மீட்டரை யாராவது அளக்கிறார்களா? அங்கே சுண்டல் விற்கும் பாட்டி ஒருத்தி இருந்தால், அவளிடம் வாங்குங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

எல்லாப் பசியும் வளர்ச்சிப் பசி என்று எண்ணிவிடக் கூடாது.

எவ்வளவு சாப்பிட்டும் பிள்ளை மெலிகிறானா? ஓயாமல் தண்ணீர் குடிக்கிறானா? அடிக்கடி சிறுநீர் போகிறானா? தாமதம் செய்யாதீர்கள். அது சர்க்கரை நோயாக இருக்கலாம். பிள்ளைகளுக்கும் அந்த நோய் வரும். நாள் கடத்தினால் உயிருக்கே ஆபத்து.

வயிற்றில் புழு இருந்தாலும் சத்து உடம்பில் ஒட்டாது. 19 வயது வரை உள்ளவர்களுக்குக் குடற்புழு மாத்திரையை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. பள்ளியில் கொடுக்கும் நாளில் பிள்ளை லீவு போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளைக்கு எவ்வளவு புரதம் கொடுக்கலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

வீடு செய்யக்கூடியது சிறிய காரியம். இன்று இரவு அடுப்பை அணைக்கும் முன் ஒரு கேள்வி: "நாளை மாலைக்கு எந்தப் பயறு?" அவ்வளவுதான். அதை மகனிடமும் விடலாம். ஊறப் போடவும், அவிக்கவும், தாளிக்கவும் பதினைந்து வயதுப் பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பசிக்கிறவன் சமைக்கக் கற்றுக்கொள்வதில் தவறு என்ன?

பள்ளியும் பெற்றோர் சங்கமும் செய்யக்கூடியது, வாசல் கடையைக் கவனிப்பது. சிறப்பு வகுப்பு வைக்கும் நாளில் பிள்ளைகளுக்கு ஒரு கைப்பிடி கடலைக்கு ஏற்பாடு செய்வது.

அரசாங்கம் செய்யக்கூடியது எல்லாவற்றிலும் பெரிது. 9 முதல் 12-ம் வகுப்பு வரை, மாலையில் ஆளுக்கு ஒரு கிண்ணம் சுண்டல். சத்துணவுக் கூடம் இருக்கிறது. அடுப்பு இருக்கிறது. அமைப்பாளரும் சமையலரும் இருக்கிறார்கள். இவர்களுக்கு மாலை வேலைக்குத் தனிச் சம்பளம் கொடுக்க வேண்டும், அது நியாயம். பயறு வாங்கப் பணம் ஒதுக்க வேண்டும். நம் விவசாயிகளிடமே வாங்கினால் அவர்களுக்கும் ஒரு நிச்சய விலை கிடைக்கும்.

உயரும் வயது திரும்பி வராது. 25 வயதில் எவ்வளவு சாப்பிட்டாலும் 15 வயதில் விட்ட உயரத்தைப் பிடிக்க முடியாது.

பிள்ளை கேட்கும்போதே கொடுத்துவிட வேண்டும். கேட்காத பெண் பிள்ளைக்கும் சேர்த்து!